ஒரு வாரக் கடலோர ஓய்வு: புதுச்சேரியா, கடலூரா, இடைப்பட்ட மணற்கரையா?

பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒரே கேள்வி பல குரல்களில் என்னைத் தேடி வரத் தொடங்கிவிடும். சேலத்தில் இருக்கும் மைத்துனர், பெங்களூரில் இருக்கும் தங்கை, உடன் வேலை பார்த்து மாற்றலாகிப் போனவர்கள் என்று பலரும், நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருப்பவன் என்பதால், "ஒரு வாரம் குடும்பத்தோட கடல் பக்கம் சும்மா இருந்துட்டு வரணும், பாண்டிச்சேரியில ரூம் போடலாமா, உங்க ஊர்லயே போடலாமா?" என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டிலேயே தங்குவதை இங்கே ஒரு வாய்ப்பாக நான் சேர்க்கவில்லை. வந்து இறங்குவது ஏழு பேர், வீட்டில் இருப்பது ஒரு குளியலறை.

இரண்டு ஊர்களுக்கும் இடையே இருப்பது ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான். ஆகவே எங்கே தங்கினாலும் மற்ற ஊரைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். இதனாலேயே, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பது இங்கே பயன்படாது. அந்தப் பட்டியல் எந்த ஊரில் இருந்தாலும் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். மீதமுள்ள ஐந்து நாள்களில், யாரும் எங்கும் போகாத ஒரு பிற்பகல் எப்படிக் கழியும் என்பதை யோசித்துத்தான் அறை போட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் கேட்பது, வீட்டிலேயே மூத்தவர் வண்டி பிடிக்காமல், யாரையும் எதிர்பாராமல், தானாக நடந்து கடலைப் பார்க்க முடியுமா என்பதுதான். முடியும் என்றால் அந்த வாரம் ஓய்வாக அமையும். முடியாது என்றால் ஒவ்வொரு மாலையும் "யார் யார் வர்றீங்க, வண்டி எப்ப சொல்லட்டும்" என்ற ஏற்பாட்டிலேயே கரைந்துபோகும். மற்ற அளவுகோல்கள் எல்லாம் எனக்கு இதற்குப் பிறகுதான்.

அடுத்தது சாப்பாடு. ஏழு நாள் என்றால் இருபத்தொரு வேளை. மூன்றாம் நாள் இரவில் ரசம் சாதம் கேட்காத குழந்தையையோ பெரியவரையோ நான் பார்த்ததில்லை. மூன்றாவது, படிக்கட்டும் மருத்துவமனையும். நான்காவது, கூட்டம் எந்தக் கிழமைகளில் வந்து சேர்கிறது என்பது. கடைசியாகச் செலவு. அறை வாடகையை எல்லாரும் ஒப்பிட்டுவிடுகிறார்கள். அதற்கு வெளியே நிற்கும் ஆட்டோ, கார் நிறுத்தம், சனிக்கிழமைக் கட்டணம் போன்றவற்றை ஊர் திரும்பிய பிறகுதான் கணக்குப் பார்க்கிறார்கள்.

## மணல் ஏன் ஓரிடத்தில் இருக்கிறது, ஓரிடத்தில் இல்லை

வாய்ப்புகளுக்குள் போகுமுன் இந்தக் கரையைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் "கடற்கரை" என்ற ஒரே சொல்லை நம்பி அறை எடுத்துவிட்டு, குழந்தைகள் கையில் மணல் வாளியோடு கருங்கற்களுக்கு முன்னால் நின்ற குடும்பங்கள் உண்டு.

வங்கக் கடலின் இந்தப் பகுதியில் ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகின்றன. அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் தேங்காய்த்திட்டுப் பக்கத்தில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் நீளும் கல்சுவர்கள் கட்டப்பட்டபோது, அந்த ஓட்டம் மறிபட்டது. சுவருக்குத் தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் சேர்ந்து கரை அகன்றது. வடக்கே நகரத்தின் கடற்கரையில் வந்து சேர வேண்டிய மணல் வராமல் போனதால் கரை அரிக்கப்பட்டு, சாலையைக் காக்கக் கற்களைக் கொட்ட வேண்டியதாயிற்று. கற்கள் போட்ட இடத்துக்கு அப்பால் அரிப்பு நகர்ந்து, வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கு நோக்கிப் போய், தமிழ்நாட்டு எல்லைக்குள் சின்ன முதலியார்சாவடி, தந்திராயன்குப்பம் வரை மீனவர் வீடுகளைத் தொட்டது. 2018ஆம் ஆண்டை ஒட்டித் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்ட பிறகு நகரக் கடற்கரையின் ஒரு பகுதியில் மணல் மீண்டும் படிந்திருக்கிறது. ஆனாலும் கடற்கரைச் சாலையின் கணிசமான நீளத்துக்கு இன்றும் கற்கள்தான்.

சுருக்கமாகச் சொன்னால், புதுச்சேரி நகரில் கடலைப் பார்க்கலாம், மணலில் விளையாடத் துறைமுகத்துக்குத் தெற்கே வர வேண்டும்.

## வாய்ப்பு ஒன்று: புதுச்சேரி, கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்கள்

என் முதல் அளவுகோலில் இந்த இடத்தை மிஞ்ச வேறில்லை. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை வண்டிகள் ஓடுவதில்லை. காந்தி சிலை, 1836இல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், 2022 மார்ச்சில் இடிந்து விழுந்த பழைய துறைமுகப் பாலத்தின் மிச்சம் என எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், வழி தவறவும் வாய்ப்பில்லை. முழங்கால் வலிக்கிற பாட்டி பத்தடி நடந்து ஒரு பலகையில் உட்கார்ந்து, பேரன் அடுத்த பத்தடி ஓடித் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே கடற்காற்று வாங்க முடிகிற இடம் இந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான். மணக்குள விநாயகர் கோயில், பாரதி பூங்கா, அரவிந்தர் ஆசிரமம் மூன்றும் நடக்கிற தொலைவில் இருக்கின்றன. ஆசிரமத்தின் சமாதிப் பகுதிக்குள் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அனுமதிப்பதில்லை என்பதால், கைக்குழந்தை இருந்தால் வீட்டார் முறை வைத்துப் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி நெடுகத் தரைக்கடைகள் விரிகின்றன. பெரிய மார்க்கெட்டில் காய்கறியும் மீனும் பூவும் ஒரே கூரைக்குள் கிடைக்கின்றன.

மறைந்த செலவுகளில் முதலாவது படிக்கட்டு. பழைய பிரெஞ்சுக் காலத்து வீடுகளை மாற்றி அமைத்த விடுதிகள் படத்தில் அழகாக இருக்கும். அவற்றில் பலவற்றில் மின்தூக்கி கிடையாது, வைக்கவும் இடம் இராது. சில ஆண்டுகளுக்கு முன் என் மாமியாருக்காக அப்படி ஒரு விடுதியில் மாடி அறை எடுத்தேன். செங்குத்தான மரப்படி, இருபத்திரண்டு படிகள், பிடித்துக்கொள்ள ஒருபக்கம் மட்டும் கயிறு. முதல் நாள் ஏறியவர் மூன்றாம் நாள்தான் இறங்கினார். கடலின் ஓசை மட்டும் கேட்டது. அந்தத் தவறு விடுதியுடையது அல்ல, "தரைத்தள அறை இருக்கிறதா" என்று கேட்காத என்னுடையது. இன்று யார் கேட்டாலும் வாடகையைச் சொல்லுமுன் அந்தக் கேள்வியைத்தான் சொல்லித் தருகிறேன்.

இரண்டாவது, கார். குறுகலான தெருக்களில் நிறுத்தக் கட்டுப்பாடுகள் உண்டு, விடுதிக்குச் சொந்தமாக நிறுத்தம் இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் வந்து அதை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட மனம் வராதவர்களுக்கு இந்த இடம் எரிச்சலாகவே இருக்கும். ஆட்டோக்களில் மீட்டர் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இல்லாததால், ஒவ்வொரு பயணமும் ஒரு பேரம். மூன்றாவது, வெள்ளி மாலை முதல் ஞாயிறு பிற்பகல் வரை சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து குவியும் இளைஞர் கூட்டமும் அந்த மூன்று நாளுக்கு ஏறிவிடும் அறைக் கட்டணமும். இதற்கு எளிய மருந்து, வாரத்தை ஞாயிறு பிற்பகலில் தொடங்கி வெள்ளிக்கிழமை காலையில் முடிப்பது. ஏழு நாள் ஐந்தாகக் குறையும் என்றாலும் அந்த ஐந்தும் முழுசாக உங்களுடையது.

குறைந்த செலவில் அமைதி வேண்டுவோர்க்கு ஆசிரமத்தைச் சார்ந்த விருந்தினர் இல்லங்கள் உண்டு. மது, புகை இரண்டும் கூடாது, இரவில் குறித்த நேரத்தில் வாசல் சாத்தப்படும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இவை தடையல்ல, காவல். ஆனால் வெகு முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும்.

நோயாளி ஒருவர் உடன் வருகிறார் என்றால், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருப்பது புதுச்சேரிக்கு ஆதரவான பெரிய காரணம்.

## வாய்ப்பு இரண்டு: சின்ன வீராம்பட்டினம் முதல் நரம்பை வரை

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிக் கடலூர்ச் சாலையில் தெற்கே வந்தால், இடப்பக்கமாகப் பிரிகிற ஒவ்வொரு கிளைச்சாலையும் ஒரு மீனவக் கிராமத்தில் போய் முடியும். வீராம்பட்டினம், சின்ன வீராம்பட்டினம், பூரணாங்குப்பம், நல்லவாடு, நரம்பை என்று வரிசையாக இருக்கும் இந்தக் கரையில் சவுக்குத் தோப்புகளுக்கும் தென்னைகளுக்கும் நடுவே தங்குமிடங்கள் பெருகியிருக்கின்றன. சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரை, தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை (Blue Flag) 2021இல் பெற்றது. உடை மாற்றும் அறை, கழிப்பறை, உயிர்காப்பாளர் முதலியவை இருந்தால்தான் அந்தச் சான்று கிடைக்கும் என்பதால், சிறு குழந்தைகளோடு வருகிறவர்கள் கவனிக்கத்தக்க இடம் அது.

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இதுதான் சரியான தேர்வு. காலை ஆறு மணிக்குச் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்போது, பல் துலக்காத முகத்தோடு மணலில் நண்டு வளை தோண்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை உள்ளே அழைப்பதற்கே அரை மணி நேரம் ஆகும். நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம் இருக்கிறது, அங்கிருந்து படகில் ஆற்று முகத்துவார மணல்திட்டுக்குப் போய்வரலாம்.

இங்கே விலை கொடுப்பது வேறு விதத்தில். கடை எதுவும் நடக்கிற தொலைவில் இராது. பால் பாக்கெட்டுக்கும் காய்ச்சல் மருந்துக்கும் தவளக்குப்பம் வரை போக வேண்டும். ஆகவே கார் இல்லாமல் இங்கே தங்குவது வீண். விடுதிக்குள்ளேயே சாப்பிடும் கட்டாயம் ஏற்படும்போது, மலிவாகத் தெரிந்த அறை மூன்றாம் நாளில் விலை உயர்ந்ததாகிவிடும். சமையலறையோடு கூடிய வீடு எடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஆனால் "சமையலறை உண்டு" என்று சொல்லிவிட்டு ஒரு மின்அடுப்பும் இரண்டு தட்டும் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கேஸ் அடுப்பு, குக்கர், மிக்சி, இட்லிப் பானை நான்கும் இருக்கின்றனவா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இன்னொன்று, கன்னியக்கோயில், முள்ளோடை எல்லைப் பகுதியில் மதுக்கடைகள் அதிகம். வார இறுதி இரவுகளில் கடலூர்ச் சாலையில் வண்டி ஓட்டுவதை நான் தவிர்த்துவிடுவேன்.

கடலில் இறங்குவதைப் பற்றி மூன்று வாய்ப்புகளுக்கும் பொதுவாக ஒரு வார்த்தை. இது திறந்த கடல். கரைக்கு அருகிலேயே பள்ளம் விழும், திரும்பும் நீர் காலை வாரும். ஆற்று முகத்துவாரங்களில் ஓட்டம் இன்னும் கடுமை. நீச்சல் தெரிந்தவர்களைத்தான் இந்தக் கடல் அதிகமாக ஏமாற்றியிருக்கிறது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம் என்பதை வாரத்தின் முதல் நாளே வீட்டுச் சட்டமாக்கிவிடுங்கள்.

## வாய்ப்பு மூன்று: கடலூர்

சொந்த ஊர் என்பதால் கூட்டிச் சொல்வேனோ என்ற ஐயம் எனக்கே இருப்பதால், குறைகளை முதலில் சொல்கிறேன். கடலூரில் பெரும்பாலான விடுதிகள் பேருந்து நிலையத்தையும் மஞ்சக்குப்பத்தையும் சுற்றி இருக்கின்றன. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கு அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் அளவு போக வேண்டும். ஆகவே என் முதல் அளவுகோலில் கடலூர் தோற்றுவிடுகிறது. ஊரின் பழைய துறைமுகப் பகுதியான முதுநகருக்குத் தெற்கே சிதம்பரம் சாலையில் வேதியியல் ஆலைகள் நிறைந்த தொழிற்பேட்டை இருப்பதால், அந்தப் பக்கம் அறை எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளியூர்க்காரர்கள் அறியாத இன்னொரு சிக்கல் முகூர்த்த நாள். திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் பெரிய முகூர்த்தங்களில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் நடக்கும். அன்று ஊரில் அறையும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. நாள்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

இவற்றைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்குக் கடலூர் தருவது, சுற்றுலாத் தலமாக ஆகிவிடாத ஒரு துறைமுக ஊரின் அன்றாடம். விடியற்காலையில் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போங்கள், பழைய செருப்பு போட்டுக்கொண்டு. உப்பனாற்றுக்குள் விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணற்பட்டையில் சோனாங்குப்பமும் சிங்காரத்தோப்பும் விளக்குகளை அணைத்துக்கொண்டிருக்கும். கரையில் சங்கரா, கிழங்கான், பாறை, நெத்திலி என்று கூடை கூடையாகக் கொட்டி, காலால் ஒதுக்கி, ஏலம் கூவுவார்கள். கூவல் உங்களுக்குப் புரியுமுன்பே மீன் கைமாறிவிடும். சில்லறையாக வாங்குவதற்கு ஏலத்தில் நிற்கத் தேவையில்லை. சற்றுத் தள்ளி அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் போனால், செதில் சீவி, செவுள் நீக்கி, துண்டு போட்டுத் தருவார்கள். "தலைய தனியா வைக்கட்டுமாண்ணா, கொழம்புக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கத்தி இறங்கும்.

இந்த மீனை என்ன செய்வது என்பதில்தான் கடலூரின் தகுதி அடங்கியிருக்கிறது. சமைத்துச் சாப்பிடும் வசதியோடு வாடகை வீடோ, உறவினர் வீட்டு மாடியோ அமைந்தால், இருபத்தொரு வேளைக் கணக்கில் மற்ற இரண்டையும் கடலூர் எளிதாக வென்றுவிடும். விடுதி அறையில் அடைந்துகொண்டு பார்சல் வாங்கிச் சாப்பிடுவதானால் கடலூருக்கு வருவதில் பொருளே இல்லை.

வருகிற வழியும் எளிது. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அருகருகே இருப்பதால், சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ரயிலில் வருகிற முதியவர்களுக்கு வண்டி மாறும் அலைச்சல் இல்லை. புதுச்சேரிக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் விழுப்புரத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கிறார்கள். கோயில் நாட்டமுள்ளவர்களுக்கு, அப்பர் கல்லோடு கரையேறியதாகச் சொல்லப்படும் தலமான பாடலீசுவரர் கோயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். சிதம்பரமும் வள்ளலாரின் வடலூரும் போய்விட்டு மாலையில் திரும்பக்கூடிய தொலைவு. வரலாற்று ஆர்வத்தோடு வருகிறவர்களிடம் மட்டும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்: ஆங்கிலேயர் 1690இல் வாங்கி, 1746 முதல் 1752 வரை தென்னகத்தில் தங்கள் தலைமையிடமாக வைத்திருந்த புனித டேவிட் கோட்டையில் இன்று நிற்பவை சில சுவர்கள்தான்.

## ஒரே பார்வையில்

| | கடற்கரைச் சாலை | சின்ன வீராம்பட்டினம் – நரம்பை | கடலூர் |
|---|---|---|---|
| முதியவர் நடந்து கடல் | நன்று | விடுதியைப் பொறுத்தது | இல்லை |
| குழந்தைக்கு மணல் | குறைவு | மிக நன்று | நன்று, வண்டியில் போனால் |
| சொந்தக் கார் | தொல்லை | கட்டாயம் | இருந்தால் நல்லது |
| ஏழு நாள் சாப்பாடு | சில நாளில் சலிக்கும் | விடுதிக்குள் முடங்கும் | சமைத்தால் மிக நன்று |
| தவிர்க்க வேண்டிய நாள் | வெள்ளி – ஞாயிறு, புத்தாண்டு | வார இறுதி இரவுகள் | பெரிய முகூர்த்தம், காணும் பொங்கல் |

நான்கு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று பிரித்துத் தங்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். பெட்டி கட்டி, அறை காலி செய்து, அடுத்த அறை தயாராகும்வரை பிற்பகல் முழுவதும் எங்காவது உட்கார்ந்திருந்து, ஓய்வு வாரத்தில் ஒரு நாளைக் கொடுத்து இருபத்தைந்து கிலோமீட்டரை வாங்குவது நட்டம். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே பேருந்துகள் நாள் முழுதும் ஓடுகின்றன. வாடகைக் கார் எடுப்பதானால், மாநில எல்லையைக் கடக்கும் அனுமதிக் கட்டணம் பேசிய தொகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

## எந்த மாதத்தில் எது

கடலூரை மீனுக்காகத் தேர்ந்தெடுக்கிறவர்கள் மே மாத விடுமுறையில் வந்தால் ஏமாறுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், வலை பழுதுபார்ப்பதும் வண்ணம் அடிப்பதும்தான் நடக்கும். நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் கிடைக்கும், வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவீர்கள். அதோடு அக்னி நட்சத்திர வெயில். மே மாதத்தில்தான் வர முடியும் என்பவர்களுக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தரைத்தள அறைதான் என் விடை. கடற்காற்று ஏறிய பிறகு, மாலை ஐந்தரைக்கு மேல் வெளியே வந்தால் போதும்.

ஜனவரி இரண்டாம் பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை மூன்று இடங்களும் நன்றாக இருக்கும். அதற்குள் மாசி மகம் வந்தால் தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வருவதைக் காணலாம். அன்று ஒரு நாள் மட்டும் அமைதியை மறந்துவிட வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் மழையைக் கணக்கில் வைத்தே வர வேண்டும். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று, இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில், புத்தாண்டுக்கு அறை பதிவாகியிருந்த நேரத்தில். அந்த மாதங்களில் பதிவு செய்யும்போது, துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் பணம் திரும்பக் கிடைக்குமா, தேதியை மட்டும் மாற்றித் தருவார்களா என்பதைக் கேட்டு, பதிலைக் கைபேசியில் எழுத்தாகவே வாங்கி வையுங்கள். ஒன்றாம் எண் கூண்டைப் பார்த்து அஞ்சத் தேவையில்லை, அது தொலைவில் எங்கோ காற்றழுத்தம் உருவாகியிருப்பதற்கான அறிவிப்பு. எண் ஏறிக்கொண்டே போனால் பெட்டியைக் கட்டிவிடுங்கள். நரம்பைப் பக்கம் தங்கியிருப்பவர்கள் முதலில் கிளம்ப வேண்டும், ஏனெனில் அங்கிருந்து வெளியேற இருப்பது அந்த ஒரு கிளைச்சாலைதான்.